ஊருக்குப் போக முடியாதவர்களின் பட்டியல்

வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு பெருங்களத்தூரில் பேருந்துக்கு நின்ற கூட்டத்தை வேற்றூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால், பொங்கல் ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் யார் முகத்திலும் பண்டிகைக் களை இல்லை. துவைக்காத துணி மூட்டை, சார்ஜ் தீர்ந்த போன், மருந்துப் பை, அழுது ஓய்ந்த கைக்குழந்தை என்று ஆளுக்கொரு சுமை. மடிப்பாக்கம், மேடவாக்கம், சேலையூர், பள்ளிக்கரணை என்று புறநகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே காரணம்: வீட்டில் கரண்ட் இல்லை. சனி, ஞாயிறு ஊரில் போய்க் குளித்து, தூங்கி எழுந்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

நானும் என் கணவரும் அத்தையை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றோம். அத்தை என் மாமியார். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம்தான் அவருக்குப் பிறந்த வீடு. அங்கே புயலின் கை படவில்லை.

மழையும் புயலும் வரும் ஒவ்வொரு வருடமும் ஒரு பேச்சு எழுகிறது. கஷ்டம் வந்தவுடன் நகரத்தை விட்டு ஓடுகிறார்கள், சம்பாதிக்க மட்டும் இந்த ஊர் வேண்டுமா என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, போக ஓரிடம் இருப்பவர்கள் போகத்தான் வேண்டும். ஒரு குடும்பம் கிளம்பினால் அந்தக் குடியிருப்பின் சம்ப்பில் மற்றவர்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் மிச்சம். நான் இங்கே எழுத வந்தது போனவர்களைப் பற்றி அல்ல. அன்று பூட்டாமல் இருந்த வீடுகளைப் பற்றி.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். நாங்கள் மூன்றாவது மாடி. இருட்டு ஒரு பெரிய விஷயமே இல்லை, மெழுகுவர்த்தி போதும். தண்ணீர்தான் ஆளைக் கொன்றது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே மொட்டைமாடித் தொட்டி காலி. கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, மேலே ஏற்ற மோட்டார் ஓடாது. இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கொடிக்கயிற்றில் பெயிண்ட் வாளியைக் கட்டி இறக்கினார்கள். பிளாஸ்டிக் வாளி லேசில் மூழ்காது, மேலேயே மிதந்து சுற்றிச் சுற்றி வரும். கயிற்றைத் தளரவிட்டு ஒரு சுண்டு சுண்டினால்தான் வாய் சாய்ந்து தண்ணீர் ஏறும். அத்தை கிணற்றடியில் வளர்ந்தவர். பால்கனியில் நின்று, "தளர வுட்டு ஒரு சுண்டு சுண்டுப்பா, இழுத்துக்கினே இருந்தா எப்படி ரொம்பும்?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாளியை மூன்று மாடி ஏற்றி வந்தால் அதில் முக்கால் வாளி கழிப்பறைக்கே சரியாகப் போய்விடும். குளியல் என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சமையலறையில் முதல் நாள் விருந்து, அடுத்த நாளிலிருந்து பஞ்சம். பிரிட்ஜில் இருந்த மீனையும் கறியையும் கெட்டுப்போவதற்குள் எல்லா வீட்டிலும் சமைத்துத் தீர்த்தார்கள். இட்லி மாவு புளித்துப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை. அம்மி எந்த வீட்டில் இருக்கிறது? கடைக்குப் போனால் கையில் காசு இல்லை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8ஆம் தேதிதான் அறிவித்திருந்தார்கள். ஏ.டி.எம்மில் பணம் கிடைப்பதே அரிது; கரண்ட் இல்லாத ஏ.டி.எம் திறக்கவே திறக்காது. கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கும் உயிர் இல்லை. வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் மணிக்கணக்குக்கு வாடகை கேட்டார்கள். கையில் புது நோட்டு வைத்திருந்த குடியிருப்புகள் தொட்டியை நிரப்பிக்கொண்டன. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர். அந்த வாரத்தில் எனக்குத் தெரியவந்தவை என் வீட்டைவிட என் கடையில்தான் அதிகம். இன்சுலினைப் பிரிக்காத வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கடை பிரிட்ஜில் இருந்ததை ஐஸ் பெட்டியில் போட்டு, ஜெனரேட்டர் இருந்த இன்னொரு கடைக்குப் புதன்கிழமை அனுப்பினோம். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து, வீட்டில் உள்ள மருந்து கெட்டுவிட்டதா, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். திறந்த இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நான்கு வாரம் தாங்கும், டிசம்பர் குளிர் உங்களைக் காப்பாற்றும், பயப்படாதீர்கள் என்றேன். பிரிக்காத மருந்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழி சொன்னேன்: பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதன் நடுவில் சின்னக் கலயம், கலயத்துக்குள் மருந்து, மேலே ஈரத்துணி. அத்தைக்கும் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தேன். இதே மின்தடை மே மாதத்தில் வந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது.

இன்சுலினுக்காவது மண்சட்டி உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு நெபுலைசர் வைக்கும் வீட்டில் என்ன செய்வது? இன்ஹேலரோடு ஸ்பேசரை மாட்டிக் கொடுக்கலாம், ஆனால் அதை யாராவது கையில் பிடித்துக் காட்டித் தர வேண்டும். நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருந்த வீடு ஒன்று பின்தெருவில் இருந்தது. அந்த இயந்திரம் ஒரு மின்விசிறியைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் மூன்று நான்கு மணி நேரத்தில் படுத்துவிடும், பிறகு சிலிண்டர்தான். விழுந்த மரங்களைத் தாண்டி அந்த வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுவந்த பையன் அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

ஊரில் அந்தச் சனிக்கிழமை காலை அத்தை வாசல் திண்ணையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் மறக்காது. அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்ன மாமா, கூடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்துவைத்து வந்தவர்கள் போனையெல்லாம் வரிசையாகச் செருகிவிட்டார். எங்களைப் போலவே சென்னையிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்கள் அந்தத் தெருவில் இன்னும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் சேப்பாக்கம் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. புயலில் நனைந்த ஆடுகளத்தைத் தணலை வைத்து உலர்த்தி, வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். கே.எல்.ராகுல் 199 ரன்னில் ஆட்டமிழந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் "அய்யோ" என்றார்கள். சின்ன மாமா என்னைப் பார்த்து, "மேட்ச்சே நடக்குதே, அப்போ மெட்ராஸ்ல கரண்ட் வந்துடுச்சில்ல?" என்று கேட்டார்.

கேட்டதில் தவறில்லை. சேப்பாக்கத்தில் வந்திருந்தது, எங்கள் மடிப்பாக்கத்தில் வரவில்லை. சென்னையின் பழைய பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் பூமிக்கடியில் புதைவடங்களில் ஓடுகிறது. மரம் விழுந்தால் சாலை அடைபடுமே தவிர, வடம் அறுபடுவது குறைவு. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த 42 உள்ளாட்சிகளில் மடிப்பாக்கமும் ஒன்று. அந்தப் பகுதிகளில் கம்பம், கம்பி எல்லாம் தலைக்கு மேல்தான். வர்தாவில் குல்மோஹரும் தூங்குமூஞ்சி மரமும் கம்பிகளோடு சேர்ந்து சாய்ந்தன, கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. சொத்து வரி ஒரே மாநகராட்சிக்குக் கட்டுகிறோம். ஆனால் புயல் வந்தால் பழைய எல்லைக்கோடு இருட்டும் வெளிச்சமுமாகத் தெரிந்துவிடுகிறது.

மீட்கும் வேலைக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. அது தேவையான வரிசையும்கூட. முதலில் துணைமின் நிலையம், பிறகு அங்கிருந்து கிளம்பும் பீடர், அதன் பிறகு தெருமுனை டிரான்ஸ்பார்மர், கடைசியில் தெருவுக்குள் ஓடும் கம்பிகள். ஒரு பீடரைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நேரத்தில் கரண்ட் வரும். மருத்துவமனை, குடிநீர் நிலையங்களுக்கு முன்னுரிமை. இவற்றில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. இரவு பகலாகக் கம்பத்தில் தொங்கிய லைன்மேன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வீடு இருந்தது, அந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. அவசரப்படுத்தவும் கூடாது. 2017இல் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். தண்ணீர் நிற்கும் தெருவில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பதுதான் சரி.

பிரச்சினை அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வரை கரண்ட் வந்துவிட்டது. நாற்பது தெருக்களில் கம்பி அறுந்து கிடக்கிறது. இருப்பது இரண்டு குழு. எந்தத் தெரு முதலில்? அங்கே விதி எதுவும் இல்லை. யார் அதிகம் போன் செய்கிறார்கள், யார் நேரில் போய் நிற்கிறார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்பதே வரிசையாகிவிடுகிறது. அந்த டிசம்பரில் கேட்கக் கவுன்சிலர்கூடக் கிடையாது. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். பொறியாளரிடம் சட்டம் பேசத் தெரிந்தவர்கள், போனில் சார்ஜ் வைத்திருந்தவர்கள், சங்கத்தின் செயலாளர், பொருளாளர் எல்லோரும் வெள்ளிக்கிழமை இரவு பெருங்களத்தூரில் பேருந்தைப் பிடித்துவிட்டார்கள். ஒரு தெருவின் குரல் அவர்களோடு ஏறிப் போய்விட்டது.

எங்கள் குடியிருப்பில் அந்த வாரக்கடைசியில் ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஐந்தில் ஒன்றில் ஒன்பது மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் பதிந்த மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, எங்கே போவார்? தரைத்தளத்தில் வயதான தம்பதி. பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த வீட்டை வாங்கினார்கள். இன்னொரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்தவர். அவரை மூன்று பேர் தூக்கினால்தான் கீழே இறக்கலாம், எந்தப் பேருந்தில் ஏற்றுவது? வாட்ச்மேன் அண்ணனும் அவர் மனைவியும் மோட்டார் அறையை ஒட்டிய அவர்கள் அறையில் இருந்தார்கள். நாங்கள் இல்லாத இரண்டு நாளும் படுத்திருந்தவர் வீட்டுக்கும் கர்ப்பிணி வீட்டுக்கும் சம்ப்பிலிருந்து தண்ணீர் சுமந்தது அந்த அண்ணிதான். தெருமுனையில் அப்போது ஒரு அடிபம்பு இருந்தது. பின்தெருக்காரர்கள் அதில்தான் குடம் நிரப்பினார்கள். பிறகு சாலை போட்டபோது அது காணாமல் போய்விட்டது. அடிபம்புக்குக் கரண்ட் வேண்டாம். அதை எடுத்த இடத்திலெல்லாம் திரும்ப நட வேண்டும் என்று நான் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

மூன்று மாடிக்கே இந்தப் பாடு என்றால், எங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அங்கே தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி கொண்ட கட்டடங்களில் குடியமர்த்தியிருக்கிறார்கள். கரண்ட் போனால் லிப்ட் நிற்கும், தண்ணீர் நிற்கும். ஏழாவது மாடியில் இருக்கும் ஒரு பாட்டி மருந்து வாங்க இறங்கினால் மறுபடி ஏற முடியாது. அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்காரர்கள். திண்டிவனத்திலோ திருநெல்வேலியிலோ அவர்களுக்காகத் திறந்திருக்கும் வீடு எதுவும் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் சூழ்ந்து கிடந்தபோது, வசதியுள்ளவர்கள் படகிலும் டிராக்டரிலும் வெளியேறி ஓட்டல்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போனார்கள். ஏழாவது மாடி அங்கேயேதான் இருந்தது.

கிராமத்துக்குப் போனால் வெளிச்சம் இருக்கும் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. 2012இல் மாநிலமே மின்தட்டுப்பாட்டில் தவித்தபோது சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. வெளிமாவட்டங்களில் பல இடங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல். அந்த வருடம் சின்ன மாமாவின் மகன் பரீட்சைக்குப் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து போன மின் ஊழியர்கள் இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்து வயலுக்குள் நடந்தார்கள். அப்படியும் உள்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி வேரோடு சாய்ந்த மரங்களையும் கட்டிய மாட்டையும் விட்டுவிட்டு இரண்டு நாள் ஓய்வுக்கு எங்கே போவார்?

அந்த விவசாயியையும் ஏழாவது மாடிப் பாட்டியையும் பக்கவாதக்காரரையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் மின்சாரத்தை மீட்கும் திட்டத்தை எழுத வேண்டும். பீடர் வரை இப்போதுள்ள வரிசையே இருக்கட்டும். தெருவுக்கு வரும்போது, வெளியேற முடியாதவர்கள் எந்தத் தெருவில் அதிகமோ அந்தத் தெரு முதலில். கம்பி இழுக்கத் தாமதமாகும் இடங்களில் மாநகராட்சியே ஜெனரேட்டர் வண்டியை அனுப்பட்டும். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் ஒரு குடியிருப்புக்கு ஒரு நாள் தண்ணீர் ஏறிவிடும்.

இது நடக்கிற காரியமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நடக்கும் என்பதற்கு என் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கமே சாட்சி. வர்தாவுக்குப் பிறகு அதில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: இன்சுலின் போடுபவர்கள், நெபுலைசர் வைத்திருப்பவர்கள், ஆக்சிஜன் வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள், அவர்கள் எந்தத் தெரு, எந்த மாடி. விருப்பப்பட்டுச் சொன்னவர்களை மட்டுமே எழுதினேன். மிக்ஜாம் மழையின்போது அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் கடைப் பையன் தண்ணீரில் நடந்து மருந்து கொடுத்துவிட்டு வந்தான்.

ஒரு மருந்துக்கடையால் முடிந்தது அரசால் முடியாதா? பட்டியல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொல்லி 2022இன் இறுதியில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்ததும் நடந்தது. இரண்டு துறைகளும் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. நோயாளியின் பெயர் வெளியே போய்விடுமே என்ற கவலை நியாயமானது. பெயரே வேண்டாம். இந்த டிரான்ஸ்பார்மரில் இத்தனை வீடுகள் காத்திருக்க முடியாதவை என்ற ஓர் எண் லைன்மேன் கையில் இருந்தால் போதும்.

புயலுக்கு மட்டுமல்ல, கோடைக்கும் இந்தப் பட்டியல் தேவை. 2024 கோடையில் மாநிலத்தின் மின்தேவை 20 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. ஏ.சி. சுமை தாங்காமல் டிரான்ஸ்பார்மர் விழும் இரவுகளை இப்போதெல்லாம் ஏப்ரலிலேயே பார்க்கிறோம். அந்த வெக்கையில் மண்சட்டிக்கும் ஈரமணலுக்கும் ஓரளவுக்கு மேல் சக்தி கிடையாது.

புறநகர் முழுவதற்கும் புதைவடம் வர வேண்டும், வரும். அதற்கு வருடங்கள் ஆகும், கோடிகள் ஆகும். பட்டியலுக்குக் காசே ஆகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர் கையில் உள்ள நோட்டில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: இரண்டு நாள் கரண்ட் இல்லையென்றால், போய்த் தங்க உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதா? இல்லை என்று சொல்லும் வீடுகளின் மின் இணைப்பு எண்கள் செப்டம்பர் முடிவதற்குள் அந்தந்தப் பகுதி மின் அலுவலகத்துக்குப் போய்ச் சேரட்டும்.